செக்கு மிஞ்சியது, கப்பல் மிஞ்சவில்லை

கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கு இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் அதற்கு மாலை விழுகிறது; பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். அவரைச் சிறைக்கு அனுப்பிய குற்றத்தின் மூல காரணமான இரண்டு நீராவிக் கப்பல்களில் ஓர் ஆணிகூட நம்மிடம் இல்லை. 'காலியா', 'லாவோ' என்ற பெயர்கள் பாடநூலில் இருக்கின்றன. அவற்றின் கொதிகலன், மணி, சுக்கான், நாட்குறிப்பு என்று தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஒரு மனிதர் பட்ட வேதனையின் சாட்சியத்தைக் காத்த நாம், அவர் செய்த தொழிலின் சாட்சியத்தைக் காக்கவில்லை. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்களின் கதை முழுவதும் இந்தக் குறை உண்டு.

பெருமாட்டியில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே இருக்கும் ஊர் இது. இங்கே பேச்சு பெரும்பாலும் ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைக்கு எப்போது வரும் என்பதைப் பற்றித்தான். ஆனாலும் அந்தக் கடல்வழிக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்பு உண்டு. இதே வட்டத்திலுள்ள வடவன்னூர், எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமாவின் ஊர். மகன் 1917இல் பிறந்தது இலங்கையின் நாவலப்பிட்டியில். அம்மையார் வாழ்ந்த வடவன்னூர் வீடு இப்போது நினைவில்லமாக நிற்கிறது. பிழைப்புக்காகக் கண்டிச் சீமைக்குப் போய்வந்த அந்தத் தலைமுறைக் குடும்பங்களுக்கு நீராவிக் கப்பலே வழியாக இருந்தது. 1932இல் பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை திறந்தபின், மீனாட்சிபுரத்தில் ரயிலேறியவர் அதே அகலத் தண்டவாளத்தில் பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக ராமேஸ்வரம் தீவு வரை போக முடிந்தது. கடல் இங்கிருந்து தொலைவுதான்; ஆனால் கடலுக்குப் போகும் பாதை நம் வாசலைத் தொட்டது.

கப்பல் கதை தூத்துக்குடியில் தொடங்குகிறது. 1876இல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, கப்பலேறி, கொழும்பில் இறங்கலாம் என்ற வசதி வந்தது. அந்தக் கடற்பரப்பில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி வைத்ததே கட்டணம், சொன்னதே நேரம். வியாபாரிகள் பொறுத்துக்கொண்டார்கள், வேறு கப்பல் இல்லை.

1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் பாண்டித்துரைத் தேவர் தலைவர். பங்கின் விலையிலேயே ஓர் அரசியல் இருந்தது. சில பெருந்தனக்காரர்களிடம் வாங்கி முடித்துவிடாமல், ஊர் ஊராகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. முதலில் வாடகைக் கப்பல். அது கைநழுவியதும் சொந்தக் கப்பல் என்று முடிவு செய்தார்கள். 1907இல் காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் போகலாம்.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி பயணம் இலவசம், ஏறுபவருக்கு ஒரு குடையும் உண்டு என்று இறங்கிவந்தது. நட்டத்தைத் தாங்கும் தெம்பு ஒரு பக்கம்தான் இருந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 இறுதியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. அது 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. காலியாவை வாங்கியது யார் என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி: எந்தக் கம்பெனியை எதிர்த்து அது வாங்கப்பட்டதோ, அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி.

தோற்றவரின் பொருள் வென்றவரின் கையில் போனால் அது சரக்காகிவிடும், நினைவுச்சின்னம் ஆகாது. காலியா காணாமல் போனதற்கு அதுவே காரணம். அடுத்த தலைமுறைக் கப்பல்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவை அரசின் ஆதரவோடு, ரயில்வேயின் பணத்தில், அரை நூற்றாண்டு ஓடியவை.

1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்தது. அடுத்த சில நாட்களில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவுக் கடல் பயணமாக இருந்தது, சுமார் 35 கிலோமீட்டர் நீரைக் கடக்கும் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறுபவர் ஒரே பயணச்சீட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மாறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கினார். தனுஷ்கோடியில் சுங்கச்சாவடியும் தபால் நிலையமும் ரயில்வே மருத்துவமனையும் எழுந்தன. ஒரு மணல்திட்டு துறைமுக நகரமாயிற்று.

இந்த வழியை உருவாக்கியவர்கள் முதலில் யோசித்தது கப்பலே வேண்டாத வழியைத்தான்: ஆதாம் பாலத்து மணல்திட்டுகளின் மேல் தண்டவாளம் போட்டு ரயிலை நேரே இலங்கைக்கு ஓட்டிவிடலாம் என்று. செலவு மலைக்க வைத்தது. கப்பல் இடைவழியாக வந்தது. ஆழமில்லாத கடல் என்பதால் கப்பலின் அடிப்பகுதி அதிகம் அமிழக் கூடாது. காற்று மாறும் பருவங்களில் அலை திசை மாறும். இரண்டு கரையிலும் ரயில் காத்திருக்கும், ஆகவே நேரம் தவறக் கூடாது. இத்தனை நிபந்தனைகளுக்கும் பொருந்தக் கட்டிய கப்பல்கள் அவை. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவற்றில் ஒன்று வைஸ்ராய் இர்வின் பெயரிலும், மற்றொன்று சென்னை ஆளுநர் கோஷன் பெயரிலும் ஓடின. கரி அள்ளிப் போட்டவர்கள், கயிறு வீசியவர்கள், சுமை தூக்கியவர்கள் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

அந்தக் கப்பலை ஆடம்பரப் பயணமாக நினைவுகூர்வது ஒரு வழக்கமாகிவிட்டது. முதல் வகுப்புக் கூடம், வெள்ளைச் சீருடைப் பணியாள், தேநீர் என்று எழுதுகிறார்கள். அதுவும் நடந்ததுதான். ஆனால் கப்பலை நிறைத்தவர்கள் மேல்தட்டில் மூட்டையோடு உட்கார்ந்த தோட்டத் தொழிலாளர்கள். கங்காணி ஊருக்கு வந்து ஆள் திரட்டுவார். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களை ஒரு வாரம் போலத் தனிமைப்படுத்தி, மருந்தடித்து, அம்மை குத்தி, பிறகே அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்ற எண் பொறித்த தகரச் சீட்டு ஒவ்வொருவரிடமும் இருக்கும். வழிச்செலவு கடனாக ஏறும். முதல் வகுப்புப் பயணி அதே நாளில் அதே கடலை அதே கப்பலில் கடந்தார்; அவருக்கு முகாம் வாசம் கிடையாது. கப்பல் ஒன்று, பயணம் இரண்டு.

கப்பலுக்கு முந்தைய காலத்தையும் மறக்கக் கூடாது. நாட்டுப் படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்களில் பலர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தார்கள். அந்த நடையோடு ஒப்பிட்டால் நீராவிக் கப்பல் உயிர் காத்த ஏற்பாடு. அதே கப்பல்தான் மலைத்தோட்டங்களுக்கு ஆள் வற்றாமல் பார்த்துக்கொண்ட கருவியும். இரண்டும் உண்மை. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்லும் எந்த அருங்காட்சியகமும் பாதிப் பொய் சொல்லும்.

1939 ஆகஸ்டில் கூலித் தொழிலாளர் இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு என்று கணக்குப் பிரித்தார்கள். தாத்தா போன கடலில் பேரன் எதிர்த்திசையில் வர வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அந்த மை காய்ந்து எட்டு வாரத்துக்குள் டிசம்பர் 22 இரவு புயல் வந்தது.

அந்த இரவின் செய்தியை எல்லோரும் அறிவார்கள். பாம்பன்–தனுஷ்கோடிப் பயணி ரயில் 115 பேரோடு அலையில் போனது. ஊர் அழிந்தது; வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பல கடலில் விழுந்தன. அவற்றை எடுத்து நிறுத்தி 46 நாளில் பாலத்தை மீட்டவர் பாலக்காடு மாவட்டத்துக் கருகபுத்தூரில் பிறந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன். பாலம் மீண்டது, ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை.

கப்பல் மட்டும் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறி இன்னும் இருபது ஆண்டு போல ஓடியது. அந்தக் காலத்துக் கப்பலுக்கு 'ராமானுஜம்' என்று கணித மேதையின் பெயர் வைத்தார்கள். வைஸ்ராய்களிடமிருந்து ஒரு கும்பகோணத்துக்காரருக்குப் பெயர் வந்து சேர அறுபது ஆண்டு பிடித்தது. அதில் வந்தவர்களில் பெரும் பகுதியினர் தாயகம் திரும்பியவர்கள் என்று அரசுக் காகிதத்தில் எழுதப்பட்டவர்கள். அவர்களில் பலர் அந்தத் தாயகத்தை முதல் முறையாகப் பார்த்ததே கப்பலின் மேல்தட்டிலிருந்துதான். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், 1976இல் கேரளத்தின் புனலூரில் தொடங்கிய மறுவாழ்வு ரப்பர்த் தோட்டத்துக்கும், கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கும் பிரிந்து போனார்கள். 1980களின் முற்பகுதியில் போர் வந்தது, கப்பல் நின்றது. அதன்பிறகு அந்தக் கடலை மக்கள் கடந்தது மீன்பிடிப் படகுகளில், அகதிகளாக. ஆள் அனுப்பிய மண்டபம் முகாம் அகதி முகாமாயிற்று.

பல பத்தாண்டுகள் ஓடிய இந்தக் கப்பல்களில் ஒன்றுகூட ஏன் மிஞ்சவில்லை? கப்பல்களைக் காப்பது எங்குமே கடினம் என்பது பாதிப் பதில். உப்புநீரில் இரும்பு சும்மா இருக்காது. நிறுத்திவைத்த கப்பல் ஓடும் கப்பலைவிட வேகமாகக் கெடும். கொதிகலனுக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும். பழைய கப்பலின் இரும்பை உடைத்து விற்றால் உடனே பணம். வைத்துக் காத்தால் உடனே செலவு.

மீதிப் பதில் நம்மைப் பற்றியது. நீராவி ரயிலை நாம் காத்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் 2005இல் உலக மரபுச் சின்னமானது. அதற்குப் புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனையே கட்டித் தந்தது. 1855இல் பிறந்த எஞ்சின் ஒன்றைப் பெரம்பூர்ப் பணிமனை 2010இல் ஓட வைத்தது. ஆக, கைத்திறன் இருக்கிறது; பழைய இரும்பின் மேல் பிரியமும் இருக்கிறது. ரயிலுக்குப் பின்னால் 170 ஆண்டாக அறுபடாத ஒரு நிறுவனம் நிற்கிறது. அந்தக் கப்பலுக்கு அப்படி யாரும் இல்லை. ரயில்வே கம்பெனியிடமிருந்து அரசுக்கு, அரசிடமிருந்து கப்பல் கழகத்துக்கு என்று கை மாறிக்கொண்டே போனது. இரண்டு நாட்டின் நடுவே ஓடியதால் இரண்டு நாட்டுக்கும் அது பொதுச் சொத்தானது. பொது வீட்டுத் திண்ணையைப் போல, யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

ஆள் இல்லாத நீராவிச் சொத்துக்கு என்ன ஆகும் என்பதற்குக் கப்பல் வரை போக வேண்டாம். நம் பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கும் ஈட்டியும் இறக்க, கொச்சி அரசு போட்ட டிராம் பாதை 1907 முதல் ஓடியது. சுமார் 80 கிலோமீட்டர். செங்குத்துச் சரிவுகளில் இறங்கும் பெட்டியின் எடையாலேயே மறு பெட்டியை மேலேற்றும் கம்பிவட ஏற்பாடு. 1963இல் அது மூடப்பட்டது, தண்டவாளம் பழைய இரும்பாயிற்று. இடுக்கியில் மூணாறுக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோயிற்று. ஒன்று விதி, ஒன்று கணக்கு. பறம்பிக்குளத்தில் சில எஞ்சின்களையும் ஒரு சரிவையும் வைத்திருந்தால் இன்று அது ஒரு பெரிய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்கிறோம். அன்று மூடிய குழுவுக்கு நட்டக் கணக்கு மட்டுமே கண்ணில் பட்டது.

பிற இடங்களில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் துடுப்புச் சக்கரக் கப்பல் 'வேவர்லி' 1946இல் நீரில் இறங்கியது. 1973இல் கம்பெனி அதை ஓய்வுக்கு அனுப்பியது; அடுத்த ஆண்டு ஆர்வலர் சங்கம் ஒன்றுக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தது. ஒரு பவுண்டு கொடுத்து வாங்குவது சுலபம். அதன்பிறகு அரை நூற்றாண்டாகச் சந்தாவும் நன்கொடையும் பயணச்சீட்டுமாகச் சேர்த்து, கொதிகலன்களையே மாற்றி, இன்னமும் ஓட்டுகிறார்கள். நியூசிலாந்தின் வகாட்டிப்பு ஏரியில் 1912ஆம் ஆண்டுக் கப்பல் 'எர்ன்ஸ்லா' இன்றும் கரி எரித்து ஓடுகிறது. எஞ்சின் அறையைப் பயணிகள் எட்டிப் பார்க்கலாம். கொல்கத்தாவில், 1940களில் ஸ்காட்லாந்தில் கட்டிய 'போபால்' என்ற துடுப்புச் சக்கரக் கப்பலைத் துறைமுகம் அண்மையில் புதுப்பித்து ஹூக்ளியில் விட்டிருக்கிறது. இவற்றில் பொதுவானது ஒன்று: காட்சிக்கு நிறுத்திவைக்காமல் ஏதோ ஒரு வகையில் ஓட வைத்தார்கள். வேலை இருக்கும் வரை கப்பல் பிழைக்கும்.

நம்மிடம் ஓட வைக்க ஒரு கப்பல் இல்லை. நகல் கப்பல் ஒன்றைக் கட்டி நிறுத்தலாம் என்ற யோசனை எப்போதும் எழும். சிமென்ட் கப்பல்கள் பூங்காக்களில் ஏற்கெனவே போதுமான அளவு நிற்கின்றன. மிஞ்சியிருப்பது வேறு பொருள்கள். அவற்றைக் காப்பதே இன்றைக்கு நியாயமான காரியம்.

முதலாவது, பாம்பன். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறந்தது. கப்பலுக்காகவே பிறந்த பாலம் பழையது. போட் மெயிலின் முழு ஏற்பாட்டின் பெரிய உறுப்புகளில் ஒன்று அது. கப்பல் போக வழிவிட்டுத் திறக்கும் அதன் இரட்டைக் கதவுப் பகுதியை மனிதர்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். முழுப் பாலத்தையும் காக்க முடியாமல் போகலாம். அந்தத் தூக்குப் பகுதியையாவது, இயங்கும் நிலையில், கரையேற்றி வைக்க வேண்டும். பழைய இரும்பு ஏலத்தில் அது போனால் காலியாவுக்கு நடந்ததே மறுபடி நடந்ததாகும்.

இரண்டாவது, காகிதம். மண்டபம் முகாமின் பதிவேடுகள், தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டைகள், ரயில்வேயின் கப்பல் கோப்புகள் ஆகியவை சென்னையிலும் கொழும்பிலும் பல அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. கப்பல்களின் வரைபடங்களை அவற்றைக் கட்டிய நாட்டு ஆவணக்காப்பகங்களில் தேட வேண்டும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் இவற்றை எண்ணிமப்படுத்த ஒரு கப்பலைப் பராமரிக்கும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது.

மூன்றாவது, ஆட்கள். 1970இல் பத்து வயதில் ராமேஸ்வரத்தில் இறங்கியவருக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது. கப்பலின் ஓசை, அதன் நெடி, சுங்கத்தில் பிரிக்கப்பட்ட மூட்டை, மண்டபத்தில் கிடைத்த முதல் சாப்பாடு எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. இன்னும் பத்து ஆண்டு தாமதித்தால் கேட்க ஆள் இருக்காது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் புனலூரிலும் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்துக்கு இந்தப் பதிவு வேலையை எடுத்துக்கொள்ளலாம். இரும்பைவிட முதலில் அழியக்கூடியது இதுதான். காக்கச் செலவு குறைந்ததும் இதுதான்.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது. கொச்சியில் கட்டிய 'செரியபாணி' முதலில் ஓடியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. 2011இல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் சில மாதத்திலேயே நின்றுபோனதும் நினைவிருக்கிறது. கட்டணம், கூட்டம், காற்று, அரசியல் என்று 1907இல் இருந்த சிக்கல்களே இப்போதும் இருக்கின்றன. இப்போது ஓடும் கப்பலின் ஆவணங்களையாவது முதல் நாளிலிருந்து ஒழுங்காகச் சேர்த்துவைத்தால், நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் இதே புலம்பலை எழுத வேண்டியிராது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் பழைய கடவுச்சீட்டோ, கப்பல் பயணச்சீட்டோ, எண் பொறித்த தகரத் துண்டோ, தலைமன்னார்த் துறையில் எடுத்த படமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்னால் இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். காகிதத்தை நகலெடுத்து அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். கப்பலை நாம் இழந்துவிட்டோம். அதில் ஏறியவர்களின் பெயரையும் இழக்க வேண்டியதில்லை.